பீர் எப்படி பீர் ஆகிறது? முளைகட்டிய கேழ்வரகிலிருந்து தொடங்கலாம்

பீரைப் பற்றிச் சென்னையில் ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். "அது வெறும் பார்லித் தண்ணிப்பா, உடம்புக்குக் குளிர்ச்சி" என்பார் ஒரு மாமா. "கிட்னியில கல்லா? ரெண்டு பீர் அடி, கரைஞ்சிடும்" என்பார் ஆட்டோ ஓட்டும் அண்ணன். லண்டனில் இருக்கும் உறவுக்காரப் பையன் வீட்டிலேயே பீர் போடுகிறான் என்று காதில் விழுந்தால் பெரியம்மா அரண்டுபோவார்: "ஐயையோ, சாராயம் காய்ச்சுறானா? கண்ணு போயிடப் போவுதுடா!"

மூன்று பேச்சிலும் எங்கோ ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் பார்லி என்ன செய்கிறது, போதை எங்கிருந்து வருகிறது, சாராயத்துக்கும் பீருக்கும் எங்கே பாதை பிரிகிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். வேதியியல் படிக்காதவருக்கும் புரியும்படி அந்த வழியை ஒருமுறை நடந்து பார்க்கலாம். பெரிய ஆலையை எடுத்துக்கொண்டால் குழாயும் தொட்டியும்தான் கண்ணில் படும். வீட்டு அடுப்பில் நாலைந்து லிட்டர் போடுகிறவர்கள் செய்வதைப் பார்த்தால் ஒவ்வொரு படியும் தெளிவாகத் தெரியும். அதனால் அந்தச் சின்ன அளவையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சட்டம்

இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அந்தச் சட்டத்தின் பார்வையில் பீரும் மதுதான், கள்ளும் மதுதான். "நாலு லிட்டர்தானே, எனக்கு மட்டும்தானே" என்ற சலுகையெல்லாம் கிடையாது. கள் இறக்க 1987 முதல் தடை இருக்கிறது. 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில்.

வெளிநாட்டில் கதை வேறு. பிரிட்டனில் வீட்டில் பீர் போட உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாடு 1963-ல் நீங்கியது. அமெரிக்காவில் அதிபர் கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்ட சட்டம், ஒரே ஒரு பெரியவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்றது. நம் உறவுக்காரப் பையன் லண்டனில் செய்வது குற்றமல்ல. லீவில் ஊருக்கு வந்து அண்ணா நகர் ஃபிளாட்டில் அதையே செய்தால் குற்றம். ஆகவே இது புரிந்துகொள்வதற்கான கட்டுரை, செய்முறைக் குறிப்பு அல்ல.

பூட்டிக் கிடக்கும் சர்க்கரை

போதை தரும் பொருளுக்கு எத்தனால் என்று பெயர், பொதுவாக ஆல்கஹால் என்கிறோம். உலகத்தில் குடிக்கப்படும் எந்த மதுவானாலும் அந்த ஆல்கஹால் சர்க்கரையிலிருந்து வந்ததுதான். திராட்சையில் சர்க்கரை தயாராக இருக்கிறது. பனம்பாளையில் வடியும் சாற்றிலும் தயாராக இருக்கிறது. அதனால்தான் கலயத்தில் இறங்கிய சாறு, யாரும் எதுவும் செய்யாமலே, வெயில் ஏறுவதற்குள் பொங்கிக் கள்ளாகிவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் பதநீர் இறக்குபவர்கள் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் நுண்ணுயிர்களால் வேலை செய்ய முடியாது, சாறு இனிப்பாகவே நிற்கும். ஒரே மரம், ஒரே சாறு. நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு.

தானியத்தில் இந்த வசதி இல்லை. அரிசி, கோதுமை, பார்லி எல்லாவற்றிலும் இருப்பது மாவுச்சத்து. அதாவது ஆயிரக்கணக்கான சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. சங்கிலியாக இருக்கும்வரை நாக்குக்கு அது இனிக்காது, சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிருக்கும் அது தீனியாகாது. அறுத்தால்தான் சர்க்கரை.

அறுக்கும் கத்தி நம் வாயிலேயே இருக்கிறது. கறி, குழம்பு எதுவும் போடாத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடத்துக்கு மேல் மென்றுகொண்டே இருங்கள். மெல்ல இனிப்புத் தட்டும். உமிழ்நீரில் உள்ள ஒரு நொதி அந்தச் சங்கிலியை வெட்டியதன் விளைவு அது. நொதி என்பது உயிருள்ளவை தயாரிக்கும் ஒருவகைப் புரதம். ஒரு குறிப்பிட்ட வேதிவினையை வேகப்படுத்திவிட்டுத் தான் மாறாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

விதைக்குள்ளும் அதே கத்தி உண்டு. முளைக்கும் செடிக்குச் சாப்பாடு வேண்டும், அந்தச் சாப்பாடு மாவுச்சத்தாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆகவே தண்ணீர் பட்டு முளை எட்டிப் பார்க்கும்போதே விதை நொதிகளைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. இதைத்தான் நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் பாட்டிகள் கைப்பழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். இதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. கேழ்வரகை ஊறவைத்து, ஈரத் துணியில் முளைகட்டி, வறுக்காமல் வெயிலில் காயவைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் அரிசி மாவில் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்குங்கள். கொதி அடங்கி, விரல் வைத்தால் சுருக்கென்று சுடும் பதத்துக்கு வந்ததும் ஒரு கரண்டி முளைக் கேழ்வரகு மாவைப் போட்டுக் கிளறுங்கள். மாவு சேர்த்தால் கஞ்சி இன்னும் இறுகும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேரெதிர். சில நிமிடங்களில் கரண்டி சாயும். பத்து நிமிடத்தில் கஞ்சி தம்ளரில் ஊற்றிக் குடிக்கிற மாதிரி நீர்த்துப்போகும், லேசாக இனிக்கவும் செய்யும். குடிப்பதாக இருந்தால் மறுபடி ஒரு கொதி விட்டுவிடுங்கள். மாவைக் கொதிக்கும் கஞ்சியிலேயே கொட்டினால் ஒன்றும் நடக்காது, சூட்டில் நொதி செத்துப்போயிருக்கும்.

இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவருக்குப் பீரில் பாதி புரிந்துவிட்டது என்றே சொல்வேன்.

மால்ட்: முளைத்து, காய்ந்த தானியம்

முளைக்க விட்டு, செடி வளர்ந்து சர்க்கரையைத் தின்று தீர்ப்பதற்குள் காயவைத்து நிறுத்திய தானியம்தான் மால்ட். நம் கேழ்வரகு மாவும் மால்ட்தான். பீருக்குப் பெரும்பாலும் பார்லி. காரணம், முளைத்த பார்லியில் நொதி ஏராளம். கூடவே அதன் உமி, பின்னால் வடிகட்டும்போது சல்லடையாகவும் உதவுகிறது. பார்லியை இரண்டு நாள் அளவுக்கு ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைக்க விட்டு, சூடான காற்றில் உலர்த்துவார்கள். இளஞ்சூட்டில் உலர்த்தினால் வெளிர் நிறம், பொன்னிறப் பீர். கருக வறுத்த பார்லியையும் கொஞ்சம் சேர்த்தால் காப்பிக்கொட்டை வாசத்தோடு கறுப்புப் பீர். பீரின் நிறம் தானியம் எவ்வளவு வறுபட்டது என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு போதை என்பதைச் சொல்லாது.

மளிகைக் கடையில் கிடைக்கும் முத்து பார்லி முளைக்காது. அதன் மேல்தோலைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். மாமா சொல்லும் பார்லித் தண்ணீர் அதை வேகவைத்து வடித்த கஞ்சி. அதில் இருப்பது பூட்டிய மாவுச்சத்து. பீரில் இருப்பது, அந்தப் பூட்டு உடைந்து, சர்க்கரையாகி, பெரும்பகுதி ஆல்கஹாலாக மாறியபின் மிஞ்சியது. இரண்டுக்கும் பொது அந்தத் தானியத்தின் பெயர் மட்டுமே. சிறுநீரகக் கல்லுக்கும் இதே பதில்தான். பீர் குடித்தால் சிறுநீர் கூடுதலாகப் போகும் என்பது சரி. ஆனால் கல்லைக் கரைக்கும் மருந்து எதுவும் அதில் கிடையாது. தண்ணீர் குடித்தாலும் சிறுநீர் போகும், உடம்பும் வறளாது.

வெந்நீரில் ஒரு மணி நேரம்

வீட்டில் பீர் போடுபவர் செய்யும் முதல் வேலை, நொறுக்கிய மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வரை சூடான தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் மூடி வைப்பது. நம் கஞ்சி நீர்த்துப்போனதே, அதே வேலைதான் இங்கே பெரிய அளவில் நடக்கிறது. சூடு கொஞ்சம் குறைந்தால் சங்கிலி சின்னச் சின்னத் துண்டுகளாக அறுபடும், ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்றுவிடும், பீர் மெலிந்து வறட்சியாக இருக்கும். 70-ஐத் தொட்டால் ஈஸ்ட் தின்ன முடியாத நீளத் துண்டுகள் மிஞ்சும், பீர் வாயில் கனமாக நிற்கும். இரண்டு மூன்று டிகிரியில் ருசியே மாறுவதால்தான் இந்த ஆட்கள் எப்போதும் கையில் தெர்மாமீட்டரோடு அலைகிறார்கள்.

பிறகு வடிகட்டி, சக்கையின் மேல் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, ஒட்டியிருக்கும் இனிப்பையும் அலசி எடுப்பார்கள். கிடைக்கும் பழுப்பு நிற இனிப்பு நீருக்கு வொர்ட் என்று பெயர். ஒரு கிலோ மால்ட்டிலிருந்து சுமார் நான்கு லிட்டர் நடுத்தரப் பீருக்கான வொர்ட் வரும். குடித்துப் பார்த்தால் பாலில் கலக்கும் மால்ட் பானத்தைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கும். இந்த நிமிடம் வரை அதில் ஒரு சொட்டு ஆல்கஹால் கிடையாது.

கசப்பு எங்கிருந்து வருகிறது

வொர்ட்டை ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்க விடுவார்கள். கிருமிகள் சாகும், கலங்கலாகத் திரியும் புரதம் திரண்டு அடியில் படியும். அந்தக் கொதியில்தான் ஹாப்ஸ் சேரும். ஹாப்ஸ் என்பது குளிர் நாட்டுக் கொடி ஒன்றின் பூ. பச்சையாய், சின்னக் கூம்பு மாதிரி இருக்கும், பிட்டுப் பார்த்தால் உள்ளே மஞ்சள் தூள். அந்தத் தூளில் உள்ள அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறிக் கசப்பாகின்றன. கொதி தொடங்கும்போது போட்டால் கசப்பு, அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டால் வாசனை. ரசத்துக்குக் கொத்தமல்லியைக் கடைசியில் தூவுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பாதியை விளக்க வேண்டியதில்லை.

பீர் கசக்கக் கசக்கப் போதை அதிகம் என்ற நம்பிக்கைக்கு இங்கே முற்றுப்புள்ளி வைக்கலாம். கசப்பு ஹாப்ஸின் வேலை, போதை ஈஸ்ட்டின் வேலை. ஹாப்ஸுக்கு இன்னொரு குணம்: கெட்டுப்போக வைக்கும் பல பாக்டீரியாக்களை அது அடக்கி வைக்கும். வெயில் பட்டால் இதே கசப்புப் பொருள் சிதைந்து ஒரு மட்டமான நாற்றம் வரும். பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பது அதற்காகத்தான்.

இதுவரை மனிதர் செய்ததைத் திரும்பிப் பார்த்தால்: தானியத்தை முளைக்க வைத்தார், காயவைத்தார், வெந்நீரில் ஊறவிட்டுச் சர்க்கரையைப் பிரித்தார், கசப்பு சேர்த்துக் கொதிக்க வைத்தார். கையில் இருப்பது கசப்பான சர்க்கரைத் தண்ணீர். இதைப் பீராக்குவது மனிதர் இல்லை.

ஈஸ்ட்: கண்ணுக்குத் தெரியாத சமையல்காரர்

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் இரண்டு மடங்காகப் பொங்கி நிற்கிறது. நாம் செய்தது அரைத்தது, உப்புப் போட்டது, மூடி வைத்தது. பொங்க வைத்தவை, பெரும்பாலும் உளுந்தோடு வந்து சேர்ந்த பாக்டீரியாக்கள். அவை மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பு அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் வெளிவிட்டன. வாயு மாவுக்குள் சிக்கிக்கொண்டது, இட்லி பஞ்சானது. இப்படி நுண்ணுயிர்கள் காற்றில்லாத இடத்தில் சர்க்கரையை உடைத்து வேறு பொருளாக மாற்றுவதுதான் நொதித்தல்.

பீரிலும் நடப்பது அதுவே, ஆள்தான் வேறு. இங்கே வேலைக்காரர் ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சை. அது சர்க்கரையைத் தின்று புளிப்புக்குப் பதில் ஆல்கஹாலையும், கூடவே கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. கணக்கு கச்சிதமாக இருக்கும்: 180 கிராம் குளுக்கோஸ் முழுதாக நொதித்தால் 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் வாயு. போட்ட சர்க்கரையில் ஏறக்குறைய பாதி காற்றோடு போய்விடுகிறது. பேக்கரிக்காரர் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் இதே இனம்தான். அவருக்கு வாயு வேண்டும், ஆல்கஹால் அடுப்பில் ஆவியாகிவிடும். பீர்க்காரருக்கு இரண்டும் வேண்டும்.

மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பீர் குடித்தும் இந்த ஈஸ்ட்டை அறியாமலே இருந்தார்கள். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ல் போட்ட புகழ்பெற்ற சட்டம், பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் மூன்றைத் தவிர எதுவும் சேரக் கூடாது என்றது. ஈஸ்ட் பட்டியலிலேயே இல்லை! அது ஓர் உயிர், அதுதான் வேலை செய்கிறது என்று 1850-களின் இறுதியில் தொடங்கி ஆய்வுகளால் நிறுவியவர் லூயி பாஸ்டர். 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்துத் தூய வகையாக வளர்த்துக் காட்டினார். அதன்பிறகுதான் ஒவ்வொரு தடவையும் ஒரே ருசியில் பீர் போடுவது சாத்தியமானது.

வீட்டில் செய்பவர் கொதித்த வொர்ட்டை வேகமாகக் குளிரவைத்து, சுத்தமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடுவார். சூடு இருக்கும்போதே போட்டால் ஈஸ்ட் வெந்துவிடும். மூடியில் ஏர்லாக் என்று ஒரு சின்னச் சாதனம் இருக்கும், வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர். உள்ளிருக்கும் வாயு குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, ஈஸ்ட் பெருகிக்கொண்டிருக்கும். மறுநாள் குடுவையின் மேலே அழுக்கு மஞ்சள் நிறத்தில் நாலு விரல் உயரத்துக்கு நுரை கட்டி நிற்கும். உள்ளே திரவம் அடுப்பே இல்லாமல் கொதிப்பதுபோல் மேலும் கீழும் சுழலும். ஏர்லாக்கில் 'க்ளக்… க்ளக்…' என்று சில நொடிக்கு ஒரு சத்தம். நாலைந்து நாளில் சத்தம் இடைவெளி விட்டு விட்டு அடங்கும், நுரை அமிழும், ஈஸ்ட் சேறு மாதிரி அடியில் படியும். ஒன்றிரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

"நாள்பட ஊறினால் போதை ஏறும்" என்று சொல்வதுண்டு. ஏறாது. சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் உறங்கிவிடும். அதற்குமேல் எத்தனை மாதம் வைத்தாலும் ருசிதான் மாறும். எவ்வளவு ஆல்கஹால் வந்தது என்று பார்க்க ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி உண்டு. பால் சொசைட்டியில் பாலில் மிதக்கவிடும் லாக்டோமீட்டரும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். சர்க்கரை கரைந்த நீர் கனம், அதனால் தொடக்கத்தில் 1.050 என்று காட்டும். சர்க்கரை போய் ஆல்கஹால் வந்ததும் 1.010-க்கு இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் தோராயமாக ஆல்கஹால் சதவீதம். இந்த உதாரணத்தில் 5-க்குச் சற்று மேல்.

சென்னை வெயிலில் என்ன ஆகும்

இட்லி மாவு மார்கழியில் விடிந்தும் பொங்காமல் அடம்பிடிக்கும், மே மாதத்தில் ராத்திரி பதினோரு மணிக்கே பாத்திரத்தைவிட்டு வழியும். நுண்ணுயிர்களுக்குத் தட்பவெப்பம்தான் கடிகாரம். ஈஸ்ட்டுக்கும் அப்படியே, ஆனால் இங்கே வேகம் மட்டும் பிரச்சினையில்லை.

ஏல் எனப்படும் பீர் வகைக்கான ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும். நம் ஊரில் அதிகம் விற்கும் லாகர் வகைக்கு இன்னும் குளிர் வேண்டும், 8 முதல் 13 டிகிரி. ஐரோப்பாவில் நிலவறைகளிலும் குகைகளிலும் வைத்துப் பழகிய சரக்கு அது. சென்னையில் கோடைக்கால இரவில்கூட வீட்டுக்குள் 30 டிகிரி இருக்கும். போதாததற்கு ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூட்டைக் கிளப்பும், குடுவைக்குள் அறையைவிட இன்னும் சில டிகிரி கூடுதல். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, எத்தனாலோடு வேறு சில கன ஆல்கஹால்களையும் வாசனைப் பொருள்களையும் உண்டாக்கிவிடும். குடித்தால் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடை, தொண்டையில் எரிச்சல். வொர்ட்டை வேகமாகக் குளிரவைப்பதும் இங்கே சுலபமில்லை. மே மாதம் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் குழாயைத் திறந்தாலே கையைச் சுடும் ஊரில் எதை வைத்துக் குளிரவைப்பது?

வெப்பமான ஊர்களில் இதைச் செய்பவர்கள் பழைய ஃபிரிட்ஜில் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிக்கொள்கிறார்கள். நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் என்ற ஈஸ்ட் வகையும் இருக்கிறது. அது 30, 35 டிகிரியிலும் கெட்ட வாடை இல்லாமல் வேலை செய்யும். அவ்வளவு குளிர் நாட்டில் பிறந்தது சென்னைக்கேற்ற சூட்டில் தழைக்கிறது என்பது எனக்கு இன்னும் வேடிக்கைதான்.

தண்ணீரும் சும்மா விடாது. லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை வரும் அல்லவா? அந்தக் குளோரின், மால்ட்டிலும் ஹாப்ஸிலும் உள்ள பொருள்களோடு சேர்ந்தால் பீரில் ஆஸ்பத்திரி வாடை வந்துவிடும், துளி அளவே போதும். ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை, ஆனால் நொதிகளுக்கு உதவும் கால்சியமும் அதில் போய்விடுகிறது.

இட்லி மாவோடு உள்ள ஒற்றுமை ஒரு இடத்தில் முறிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாவுக்கு நாம் எந்த நுண்ணுயிரையும் தேர்ந்தெடுத்துப் போடுவதில்லை, வந்தது வரட்டும் என்று விடுகிறோம். பீர்க்காரர் தான் போட்ட ஈஸ்ட்டைத் தவிர வேறு எதுவும் நுழையக் கூடாது என்று கொதித்தபின் படும் கரண்டி, குழாய், குடுவை எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்கிறார். மீறி நுழைந்தால் பீர் புளிக்கும், நூல் விடும். ஆல்கஹால், அமிலத்தன்மை, ஹாப்ஸ் மூன்றும் இருப்பதால் ஆளை வீழ்த்தும் கிருமிகள் அதில் வளர்வது அரிது. கொட்ட வேண்டிவரும், அவ்வளவுதான்.

பாட்டிலுக்குள் இரண்டாம் சுற்று

நொதித்து முடிந்த பீரில் பொங்கும் நுரை இருக்காது, வாயுவெல்லாம் ஏர்லாக் வழியே போய்விட்டது. ஆகவே பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று விடும் வாயு, மூடிய பாட்டிலில் போக வழியின்றிப் பீரிலேயே கரையும். பெரிய ஆலைகள் பொதுவாக வாயுவை நேரடியாக ஏற்றிவிடுகின்றன.

வீட்டுப் பீரில் உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான். முதல் சுற்று முடியும் முன்பே அடைத்தாலோ, சர்க்கரை கூடிப்போனாலோ, அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு சுவரில் ஏறும். பெரியம்மா பயந்தபடி கண் போவதாக இருந்தால் இதனால்தான் போக வேண்டும்.

அப்போ சாராயம்? மெத்தனால்?

ஈஸ்ட் தான் உண்டாக்கும் ஆல்கஹாலிலேயே திணறும். பீருக்குப் பயன்படும் வகைகள் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியே களைத்துவிடும், வைனுக்கானவை 15 வரை தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் வேண்டுமானால் காய்ச்சி வடித்தல் என்ற வேறு வேலை செய்ய வேண்டும். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். நொதித்த நீரைச் சூடாக்கி, முந்திக்கொண்டு வரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் ஆல்கஹால் செறிவாகக் கிடைக்கும். சாராயம், பிராந்தி, விஸ்கி எல்லாம் இந்த வழி. பீர், கள், வைன் மூன்றும் காய்ச்சி வடிக்காதவை. பீரில் அடுப்புக்கு வேலை ஈஸ்ட் வருவதற்கு முன்பு, சாராயத்தில் அதற்குப் பின்பு.

கண் பறிபோவது மெத்தனாலால். அது எத்தனாலுக்குப் பங்காளி, வாசமும் ருசியும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் நம் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும், அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். இரண்டு மூன்று தேக்கரண்டி அளவே பார்வையைப் பறிக்கலாம், இன்னும் கொஞ்சம் போனால் உயிரையே. பழங்களில் உள்ள பெக்டின் என்ற பொருள் சிதையும்போது மெத்தனால் சிறிது உண்டாகும். பார்லியில் பெக்டின் மிகக் குறைவு, அதனால் பீரில் மெத்தனால் பேருக்குத்தான்.

அப்படியானால் கள்ளச்சாராயச் சாவுகள்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அங்கே குடித்தவர்களைக் கொன்றது மெத்தனால். அந்த அளவு மெத்தனால் எந்தப் பானையிலும் தானாக ஊறி வராது. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுத்த விற்கப்படும் சரக்கு, மலிவு என்பதற்காகக் குடிக்கும் சரக்கில் கலக்கப்படுகிறது. இதைச் "சரியாகக் காய்ச்சத் தெரியாததால் வந்த விபத்து" என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். கலந்தவரைச் சமையல் தெரியாதவர் ஆக்கிவிடுகிறது அந்தப் பேச்சு.

பீர்தானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு

கடைசியாக, மாமாவின் குளிர்ச்சிக்கு வருவோம். நம் நாட்டு உணவுத் தர விதிகளின்படி 5 சதவீதம் வரை சாதாரணப் பீர், அதற்குமேல் 8 வரை ஸ்ட்ராங். பாட்டில் 650 மில்லி. 5 சதவீதம் என்றால் அதில் 32.5 மில்லி சுத்த ஆல்கஹால், 8 என்றால் 52 மில்லி. பிராந்தியும் ரம்மும் வழக்கமாக 42.8 சதவீதம். ஒரு கட்டிங், அதாவது 90 மில்லியில், 38.5 மில்லி ஆல்கஹால். குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், 77. ஆக சாதாரணப் பீர் ஒரு பாட்டில் என்பது ஒரு கட்டிங்குக்குக் கொஞ்சம் கீழே, ஸ்ட்ராங் ஒரு பாட்டில் கட்டிங்கைத் தாண்டிவிட்டது. "நான் பீர் மட்டும்தான் சார்" என்று ஒன்றரை ஸ்ட்ராங் முடித்துவிட்டு வண்டிச் சாவியை எடுப்பவர் குடித்திருப்பது ஒரு முழுக் குவார்ட்டர்.